சிவப்புச் சுருள் கயிறு

விடியவில இருந்து போட் எஞ்சின் ஸ்ராட் வரேல்ல. பிளக்கில பொறியே இல்லை.

நானும் தம்பியும் பொறி குடுக்கிற கொயிலைக் கழட்டினம், வயரெல்லாம் சுரண்டினம். "உப்புத்தான் அரிச்சிட்டுது" எண்டு தீர்ப்பும் சொல்லிப்போட்டம்.

கடைசியில மெக்கானிக் வந்தார். "அண்ணை, ஆள் கடலில விழுந்தா எஞ்சினை நிப்பாட்டுற சிவப்புக் கயிறு எங்க? அது கொழுவாட்டி பொறி வராது."

அந்த நேரம் பார்த்து என்ர மனிசி தண்ணீரூற்றுச் சந்தையால கரைக்கு வந்திறங்கினா. ஸ்கூட்டியில செருகியிருந்த திறப்பில அந்தச் சிவப்புக் கயிறு ஆடுது!

"வடிவா இருந்துது, எடுத்தனான்" எண்டு சிரிச்சா.

அவசரத்தில திறப்பைக் கழட்டிப்போட்டுக் கயித்தை எஞ்சினில கொழுவினன். ஒரே இழுவையில ஸ்ராட்!

இப்ப ஸ்கூட்டித் திறப்பைக் காணேல்ல. எல்லாரும் மணலுக்க தேடுறம்.

கடற்கரைப் பக்கம் வாற ஆக்கள் மணல் அரிக்க ஒரு அரிதட்டும் கொண்டு வாங்கோ.