தணிகாசலத்தின் படகில் வைத்த இஞ்சின்

தணிகாசலத்தின் படகு கவிழ்ந்தது என்னால். அவன் தம்பியின் கால் போனதும் என்னால். பழியை மட்டும் தணிகாசலத்தின் தலையில் ஏற்றினேன்... இன்றுவரை இறக்கவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்திருந்தால் மரியாதையாகத்தான் பேசியிருப்பீர்கள். பாலிடெக்னிக்கில் பாடம் சொன்னவன். பாகூரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பழைய கார்களின் நான்கு சிலிண்டர் இஞ்சின்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது என் பித்து. அதைக் கேள்விப்பட்டுத்தான் மூர்த்திக்குப்பத்திலிருந்து தணிகாசலம் வந்தான். தன் படகுக்கும் அப்படியோர் இஞ்சின் வேண்டும் என்றான்.

கார் இஞ்சினை அப்படியே படகில் வைக்கக் கூடாது. அதன் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைச் சம்ப் என்போம். அலையில் படகின் முன்புறம் தூக்கும்போது ஆயில் பின்னால் ஓடிவிடும், உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதான் கிடைக்கும், இஞ்சின் இறுகிவிடும். பந்தயக் காருக்கும் வளைவுகளில் இதே ஆபத்து உண்டு. அதற்காகச் சம்புக்குள் தடுப்புத் தகடுகள் பற்றவைப்போம். தணிகாசலத்தின் இஞ்சினுக்கு அப்படியொரு சம்ப் செய்தேன். என் கையால் செய்தவற்றில் அதுதான் சிறந்தது!

பந்தயத்துக்கு முந்தைய வாரம் என் காரின் சம்ப் கல்லில் மோதிப் பிளந்தது. இரண்டும் ஒரே ரக இஞ்சின். அவனுடையதைக் கழற்றி என் காரில் மாட்டினேன். கோப்பை கிடைத்தது.

வந்ததும் திருப்பி மாட்டியிருக்கலாம். ஆனால் அடுத்த பந்தயம் இருந்ததே... மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது என்று தணிகாசலம் அவசரப்படுத்தினான். சாதாரண சம்பைப் பூட்டி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாள்தானே, பிறகு மாற்றிவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவனிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் என் காரிலிருந்து கழற்றச் சொல்வான். வேறு காரணமே இல்லை. எவ்வளவு அற்பம்!

முகத்துவாரத்தில் அலை ஏறும்போது இஞ்சின் நின்றது. படகு திரும்பிக் கவிழ்ந்தது. தம்பி குமரேசனின் கால் அதன் அடியில் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இஞ்சினை என் கொட்டகையில் பிரித்தபோது பேரிங்குகள் கருகிக் கிடந்தன. தணிகாசலம் எதிரில் நின்றான். நான் நிமிராமல், கிளம்பும்போது ஆயில் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன் சார்."

"பாத்திருந்தா இப்படி ஆவுமா?"

அவன் கருகிய பேரிங் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "பாத்த மாதிரிதான் சார் இருக்குது..." என்றான்.

ஒரு மனிதன் தன் கண்ணையே சந்தேகிக்கத் தொடங்கினான். தொடங்கி வைத்தவன் நான்.

அண்ணனின் அசட்டையால் கால் போயிற்று என்று குமரேசன் பேச்சை நிறுத்தினான். தகப்பனாரின் கருமாதியில்கூடத் தனித்தனியாக நின்றார்களாம். கேட்டும் நான் வாய் திறக்கவில்லை.

இந்த ஆண்டு தணிகாசலத்தின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என்னைத் தேடி வந்தான்.

"வூட்ல மொத கல்யாணம் சார். சித்தப்பன் இல்லாம எப்படி? அண்ணன் தெரியாம பண்ணிட்டான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

இதைவிட நல்ல தருணம் யாருக்கு வாய்க்கும்? உண்மையைச் சொல்லத்தான் போனேன்... நம்புங்கள். குமரேசன் நாற்காலி போட்டான், காபி வரவழைத்தான். நான் வாயைத் திறந்தபோது வெளியே வந்தது, "அண்ணன மன்னிச்சுடுப்பா" என்பதுதான்.

அவன் தன் செயற்கைக் காலைப் பார்த்தபடி இருந்தான். "படிச்சவரு, நீங்களே வந்து கேக்கறீங்க. வுடுங்க சார், போறேன்" என்றான்.

போனான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பந்தி பரிமாறினார்கள். நல்லதுதானே நடந்தது என்பீர்களா? எதன் மேல் நடந்தது!

மண்டபத்தில் தணிகாசலம் மருமகனை என்னிடம் அழைத்து வந்தான். "சார் குடுத்த இஞ்சின் தங்கம் மாப்ள. நான்தான் ஆயில் பாக்காம கெடுத்துட்டேன். நீயாவது ஒழுங்கா பாரு" என்றான். பிறகு, "ஆசீர்வாதம் பண்ணுங்க சார்" என்று மணமக்களோடு தானும் என் காலில் விழுந்தான்.

குனிய முடியாத குமரேசன் பக்கத்தில் நின்று கைகூப்பினான்.

நான் அட்சதை போட்டேன்.