செரெங்கெட்டியில் மலர் கலைத்த வேட்டை

பெப்ரவரியில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மில்லிக்கனில் பனி அள்ளுவதைவிடச் சிங்கத்தின் வாயில் தலையை விடலாம் என்று நான் சொல்லாத வருடம் இல்லை. இந்த வருடம் செரெங்கெட்டிக்குப் போயே விட்டோம். தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து, ஒரு வேட்டையை நேரில் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசையாகிவிட்டது. என் மனைவி மலர் ஒரு டேகெயரில் பிள்ளைகளுக்குச் சமைப்பவள். அடுத்த பயணம் நல்லூர்த் திருவிழாவுக்கு என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் ரிக்கெற் போட விட்டாள்.

ரொறன்ரோவிலிருந்து அடிஸ் அபாபாவுக்குப் பதின்மூன்று மணி நேரம். அங்கிருந்து கிளிமஞ்சாரோ விமான நிலையம் இரண்டரை மணி நேரம். அருஷா நகரில் ஓர் இரவு தங்கி, காலையில் ஜீப்பில் புறப்பட்டோம். செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்கு ஏறக்குறைய முந்நூற்று முப்பது கிலோமீற்றர். பாதிக்கு மேல் இடுப்பெலும்பைப் பதம் பார்க்கும் மண் பாதை. சாரதி ஜுமா நன்றாக ஆங்கிலம் பேசினார். பாதையை விட்டு வாகனம் இறங்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்ற இரண்டு விதிகளையும் பூங்கா வாசலிலேயே சொன்னார். முதலாவது அவர் பொறுப்பு, இரண்டாவது எங்களுடையது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மலர் சைவம். விரத நாளில் இரத்தம் பார்க்க மாட்டேன் என்றாள். மிருகங்களுக்கு வெள்ளி, செவ்வாய் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். வழியில் ஆளுயரப் புற்றொன்றைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். அதன் மேல் ஒரு சிவிங்கிப்புலி, அதுதான் சீற்றா, இருப்பதைப் பிறகுதான் கண்டாள்.

அது புற்றிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் பதுங்கியது. எதிரே ஒரு மான்குட்டி தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. ஐந்து வாகனங்கள் மூச்சுவிடாமல் நின்றன. இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.

"ஐயோ, ஓடு குஞ்சு, ஓடு!"

திறந்த கூரைக்கு மேலே தலையை நீட்டி, நாடகம் பார்ப்பதுபோலக் கத்தினாள் மலர். குட்டி துள்ளி ஓடியது. சிவிங்கி நாலடி பாய்ந்து நின்றுவிட்டது. மற்ற நாலு வாகனமும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜுமா திட்டவில்லை. புற்றுக்குப் பின்னால் கையைக் காட்டினார். மூன்று சிவிங்கிக் குட்டிகள், மெலிந்து, தாயைத் தேடி வந்தன. இரண்டு நாளாக அவை சாப்பிட்டதாகத் தெரியவில்லை, இப்படியே போனால் தாங்காது என்றார். மலர் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

போக யோசிப்பவர்களுக்கு: விசாவை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையா என்று உங்கள் விமானப் பாதையைச் சொல்லி விசாரியுங்கள். நம்மவர்கள் பருத்தித்துறை வடையிலிருந்து செருப்பு வரை சுற்றிக் கட்டும் பிளாஸ்ரிக் பைகளுக்கு அங்கே தடை. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்பது அமெரிக்க டொலருக்கு மேல். அது வலித்தாலும் மூன்று நாளாவது நில்லுங்கள். எங்களுக்கு அந்த மூன்றாம் நாள் இல்லாவிட்டால் மலர் வீடு திரும்பியும் நித்திரை கொண்டிருக்க மாட்டாள்.

கடைசிக் காலை நீர்யானைக் குளத்துக்குப் போவதாக இருந்தது. அதை விட்டுவிட்டு அந்தச் சிவிங்கியைத் தேடச் சொல்லி மலர் ஜுமாவிடம் கேட்டாள். இரண்டு மணி நேரம் அலைந்தோம். ஒரு முள்மரத்தடியில் தாய் வயிறு புடைத்துக் கிடந்தது. குட்டிகள் மூன்றும் முகமெல்லாம் இரத்தமாக ஒன்றின் மேலொன்று விழுந்து விளையாடின. நான் பார்க்க வந்த வேட்டை நாங்கள் இல்லாத நேரத்தில் முடிந்திருந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

"சாப்பிட்டிட்டுதுகள்," என்றாள் மலர், மிக மெதுவாக. கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அதுகள் சாப்பிட்டது நேற்றைய மான்குட்டியா இருக்காது, என்னப்பா?"

இருக்காது என்றேன். எனக்கென்ன தெரியும்.