சன்னலில் வைத்த அட்டை

சம்மந்தியம்மா தந்த பரிசைப் பிரித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடல் தாண்டி மகனுக்குப் பெண் கேட்டு வருகிறவர் ஒரு கல்லையா தூக்கிக்கொண்டு வருவார்? சாம்பல் நிறக் கல்லில் செய்த சட்டம். உள்ளே பழுப்பேறிய ஓர் அட்டை, அதில் வெல்ஷ் மொழியில் ஒரு வரி.

அவர் வேல்ஸில் சிலேட்டுக்கல் வெட்டும் ஊர்க்காரி. மலையை வெட்டி, கல்லைத் தகடாகப் பிளந்து, ஊர் ஊராகக் கூரைக்கு அனுப்பியவர்களாம். வீட்டுத் தரை, வேலி, கல்லறை எல்லாம் அந்தக் கல்தான் என்றார். நாங்கள் குடியேறிய பியர்பொன்ட்ஸில், எங்கள் சாப்பாட்டு மேசையில் தாயும் மகனும் தங்கள் மொழியில் குசுகுசுத்தது எனக்குப் பிடித்திருந்தது. கறிக்கு உப்புக் காணாது என்று சொல்ல நாங்களும் அதைத்தானே செய்கிறோம்.

"என்னவாம் எழுதியிருக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

மகள் வருங்கால மாமியிடம் கேட்டுத் தமிழில் சொன்னாள். "'இந்த வீட்டில துரோகி இல்லை' எண்டு போட்டிருக்காம், அப்பா."

இவருடைய கை இடியப்பத்தில் அப்படியே நின்றது.

இவருடைய அண்ணையை யுத்த காலத்தில் ஊரில் இயக்கக்காரர் சுட்டு, 'துரோகி' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் கட்டி, மின்கம்பத்தடியில் போட்டிருந்தார்கள். அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. செத்தவீட்டுக்கு அயல் சனம்கூட வரவில்லை. மகளுக்குச் சொன்னதெல்லாம், பெரியப்பா ஷெல் பட்டு இறந்தார் என்பதுதான். படம் அலுமாரியில் என் சீலைகளுக்குக் கீழே கிடந்தது. பக்கத்து நகரமான லவாலில் ஒரு கொண்டாட்டத்தில் யாரோ அந்தச் சொல்லைப் பகிடிக்குச் சொன்னதற்கே இவர் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி வந்தவர். இங்கேயும் எழும்பினால் பிள்ளையின் கலியாணம் அவ்வளவுதான். கடவுளே, இந்த மனிசிக்கு ஒரு பீங்கான் கோப்பை கொண்டுவரத் தோன்றவில்லையா?

மனிசியோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார், மகள் தமிழாக்கினாள். முப்பாட்டன் காலத்தில் பெரிய வேலைநிறுத்தமாம். வேலைக்குத் திரும்பாத வீடுகள் இந்த அட்டையைத் தெருவைப் பார்க்கிற சன்னலில் வைக்குமாம். விடிய எழும்பியதும் எந்தச் சன்னல் வெறுமையாக இருக்கிறது என்றுதான் ஊர் பார்க்குமாம். அட்டை இல்லையென்றால் அந்த வீட்டுக்காரன் வேலைக்குப் போய்விட்டான். அதன் பிறகு தேவாலயத்தில்கூட ஒருவரும் அவனுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லையாம். தங்கள் சன்னலில் கடைசிவரை இருந்த அட்டை, புதுக் குடும்பத்துக்குத்தான் சேர வேண்டும் என்றார்.

நான் மேசைக்குக் கீழே இவரின் காலை மிதித்தேன். "சாப்பிடுங்கோப்பா, சொதி ஆறுது."

"கொஞ்சம் பொறும்," என்றார். "பிள்ளை, அவவைக் கேள். திரும்பிப் போன ஆக்கள் ஏன் போனவையாம்?"

சம்மந்தியம்மா யோசித்தார். பிள்ளைகள் பசி கிடந்திருக்கும் என்றார். சிலர் போகவே இல்லையாம், போனதைக் கண்டேன் என்று யாராவது சொன்னால் போதுமாம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கியிருந்தது.

இவர் கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று விறைத்துப்போய் இருந்தேன். அண்ணையின் படத்தைக் கொண்டுவந்து மகளுக்கு முன்னால் வைத்தார்.

"பெரியப்பா ஷெல்லில சாகேல்லை, பிள்ளை. அவருக்கும் ஒரு மட்டை எழுதினவங்கள். சுட்டுப்போட்டுக் கழுத்தில கட்டினவங்கள்."

மகள் அழுதழுது அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மருமகனாக வரப்போகிறவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். சம்மந்தியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. மன்னிப்புக் கேட்டபடி சட்டத்தைத் திருப்பி எடுக்கக் கையை நீட்டினார்.

இவர் விடவில்லை. "கலியாணம் முடியுமட்டும் இது இஞ்சை இருக்கட்டும் எண்டு சொல்லு."

முன்னறைச் சன்னலில், தெருவைப் பார்க்க, அட்டையை வைத்தார். பக்கத்தில் அண்ணையின் படத்தையும் அதே பக்கம் பார்க்க வைத்தார்.

"இந்தத் தெருவில ஆருக்கப்பா அந்தப் பாஷை விளங்கப்போகுது?" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"விளங்காட்டி வந்து கேக்கட்டும்," என்றார். "நான் சொல்லுறன்."