காவி பூசி ஆடிய கபடி

கபடியில் "தொட்டேன்", "தொடவில்லை" என்று கிளம்புகிற சண்டையைப் போல அலுப்பான விஷயம் உலகத்தில் வேறு கிடையாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் வட்டாரத்தில் அந்தச் சண்டையை அதிகம் போட்டவன் நான்தான்.

பகலில் ஒரு ஆபீசில் கிளார்க். சாயங்காலம் அரைக்கால் சட்டையோடு கோட்டுச்சேரிப் பக்கத்துக் கபடி அணிக்குக் கேப்டன். பொங்கலை ஒட்டி நடக்கும் போட்டிகளுக்கு எல்லை தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து பெரிய அணிகள் வரும். மில் அணிகள், போலீஸ் அணி என்று கபடிக்காகவே வேலையில் எடுக்கப்பட்ட ஆட்கள். அந்தப் பக்கத்திலிருந்து காரைக்காலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேடுவது பிராந்திக் கடையை. இவர்கள் அப்படி இல்லை. வேனை விட்டு இறங்கியதும் நேரே திடலுக்குப் போவார்கள். ஏழு பேரும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கல், நத்தை ஓடு, முள் என்று அகப்பட்டதையெல்லாம் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு போய் வெளியே கொட்டுவார்கள். எதிர் அணி ஆடப்போகிற பாதியையும் அதே கவனத்தோடு சுத்தம் செய்வார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நாங்களெல்லாம் கபடி ஆடுகிறோம், இவர்கள் கபடிக்கு வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்களுக்குச் சமமாக நிற்கக்கூடிய ஆள் எங்கள் அணியில் ஒருவன் இருந்தான். இடது மூலையில் நிற்பவன், என் வயதுக்காரன், மாதா கோயில் பக்கம் வீடு. வீடுகளுக்கு வெள்ளையடிப்பது தொழில். ஆட்டம் தொடங்குமுன் ஒரு சிலுவை போட்டுக்கொள்வான். அதற்கப்புறம் ஆட்டம் முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டான். நான் கத்துகிற கத்தலே அணிக்கெல்லாம் சேர்த்துப் போதும் என்று விட்டுவிட்டானோ என்னவோ. பாடி வருகிறவன் திரும்பக் காலை எடுக்கும் அந்தக் கண நேரத்தில் கணுக்காலைப் பிடிப்பான். பிடித்தால் பிடித்ததுதான். கருக்களாச்சேரியில் வலை இழுத்து உரமேறிய ஆட்களே, "அவன் கையில சிக்குனா காலக் கழட்டி வச்சுட்டுத்தான் வரணும்" என்பார்கள்.

அந்த வருஷம் அவனுக்குக் கபடி விளையாட்டாக இல்லை. முந்தின மழைக்கு முன்னால் சுண்ணாம்பு தெறித்து இடது கண்ணில் விழுந்திருந்தது. இனி சுண்ணாம்புப் பக்கமே போகக் கூடாது, போனால் அந்தக் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் ஒரு மில் அணியின் மேனேஜரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. அவர்களுக்கு இடது மூலைக்கு ஒரு ஆள் வேண்டும். இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் ஒருவருக்கு மில்லில் நிரந்தர வேலை.

"ஜெயிச்சுடுவமா மாப்ள?" என்று என்னைக் கேட்டான். அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஒன்ன ஜெயிக்க வைக்காம நான் சட்டை போட மாட்டேன்" என்றேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

இனி காவிக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் இறுதி ஆட்டம் தொட்டேன், தொடவில்லை என்று அடிதடியில் முடிந்து, நான் நடுவரின் நாற்காலியை உடைத்திருந்தேன். அதனால் இந்த வருஷம் போட்டி நடத்துபவர்கள் கூடியபோது நானே எழுந்து ஒரு யோசனை சொன்னேன். பாடிப் போகிறவன் உள்ளங்கையிலும் கால் பெருவிரலிலும் சுவருக்குப் பட்டை அடிக்கிற செங்காவியைத் தொட்டுக்கொண்டு போகட்டும். பட்டால் உடம்பில் அடையாளம் விழும். அடையாளம் இருந்தால் அவுட், இல்லாவிட்டால் இல்லை. வாயால் பேசுகிற பேச்சுக்கே இடமில்லை.

"கபடியா, மஞ்சத்தண்ணி விளையாட்டாய்யா?" என்று ஒருவர் சிரித்தார். நான் விடவில்லை. ஒரு மணி நேரம் வாதாடி, மேசையைத் தட்டி, கடைசியில் சம்மதிக்க வைத்தேன். காவியைத் தண்ணீரில் கரைத்தால் காய்ந்துவிடும், தேங்காய் எண்ணெயில் குழைத்தால்தான் ஒட்டும் என்று சொல்லி, ஒரு பெரிய தகர டப்பா நிறையக் குழைத்துக் கொடுத்தவன் எங்கள் இடது மூலைக்காரன்தான்.

நடுவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா. விறைப்பான மனிதர். அவர் ஒரு விதி சேர்த்தார். "ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் அவங்கவங்க அணி ஆளை அவங்களே ஈரத்துணியால தொடைச்சுக்கணும். தொடைக்காம விட்ட காவிக்கு நான் பொறுப்பில்ல. கேப்டன்தான் பொறுப்பு. காவி இருந்தா அவுட்டு. ஃபினி." ஃபினி என்றால் முடிந்தது என்று அர்த்தம். அவர் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு பேசினால் காதில் விழாது.

விதி பிரமாதமாக வேலை செய்தது. நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு சண்டை இல்லை. தொடப்பட்டவன் தன் தோளைப் பார்ப்பான், சிவப்புத் தெரியும், கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான். என்னைப் பார்த்துச் சிரித்தவரே வந்து கை கொடுத்தார். நான் தரையில் நடக்கவில்லை.

இறுதி ஆட்டம் காணும் பொங்கலன்று மாலை, போலகம் பக்கத்துத் திடலில். எதிரே கற்களைப் பொறுக்குகிற அந்த அணிகளில் ஒன்று. ஓரத்தில் நாற்காலி போட்டு மில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். இடது மூலைக்காரன் அன்று ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு முறுக்கேறுகிறது. சம்பளத்துக்கு ஆடும் அந்த அணியின் ஆட்கள் இடது பக்கம் வரவே யோசித்தார்கள். மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரன் பாடி வந்தான். இடது மூலைக்காரன் கணுக்காலைப் பிடித்தான். அந்த ஆள் கோட்டை நோக்கிக் கையை நீட்ட, நான் பாய்ந்து அந்தக் கையை உள்ளங்கையோடு சேர்த்து அமுக்கினேன். மூச்சு அறுந்தது. புள்ளி சமம். திடல் இரைந்தது. நான் ஈரத்துணியை வாங்கி, கேப்டன் அல்லவா, என் கையாலேயே இடது மூலைக்காரனின் முதுகையும் தோளையும் சுத்தமாகத் துடைத்தேன். துடைத்து, துணியை எறிந்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "சபாஷ்டா!"

எங்கள் அணியில் வேறொருவன் பாடிப் போய்ச் சும்மா திரும்பி வந்தான். கடைசிப் பாட்டு அவர்களுடையது. வந்தவன் இடது பக்கம் ஒரு வீச்சு வீசினான். இடது மூலைக்காரன் இடுப்பை வளைத்து ஒரு சாண் இடைவெளியில் தப்பினான். வந்தவன் வெறுங்கையோடு கோட்டைத் தாண்டினான். சமத்தில் தப்பிவிட்டோம் என்று நான் கத்திக்கொண்டு குதித்தேன். அப்போது நடுவர் விசில் ஊதினார். இடது மூலைக்காரனின் முதுகைக் காட்டினார்.

முதுகின் நடுவில், கொஞ்சம் மேலே, சிவப்பாக ஒரு கை.

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். எண்ணெயும் காவியுமாக மின்னியது. அவன் உடம்பைத் துடைத்த நான் என் கையைத் துடைக்கவில்லை.

பாடி வந்த அந்த ஆளே நடுவரிடம் ஓடி, "நான் அவரத் தொடலைங்க" என்றான். இன்றைக்கும் அவனை நினைத்தால் மனசுக்குள் கும்பிடுகிறேன். சொல்தா தலையை ஆட்டினார். "வாயால பேசக் கூடாதுன்னுதான் இந்த விதி. காவி இருக்கு. ஃபினி."

ஒரு புள்ளியில் தோற்றோம். நான் கையைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். தீர்ப்பு மாறியிருக்காது, ஆனால் திடலுக்குத் தெரிந்திருக்கும், மேனேஜருக்குத் தெரிந்திருக்கும். ஒரு மணி நேரம் மேசையைத் தட்டி வாங்கிய விதி, நான்கு நாள் வாங்கிய கைகுலுக்கல், எல்லாம் கண் முன்னால் வந்தது. விரல்களை மடக்கிக்கொண்டேன். இடது மூலைக்காரன் என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு மூடியிருந்த கையைப் பார்த்தான். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். கோட்டைத் தாண்டியதும் யாருடைய துண்டையோ வாங்கி முதுகை மூடிக்கொண்டான்.

மேனேஜர் என்னிடம் வந்தார். நான் மணலில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா ஆடுறாருங்க. ஆனா கடைசி நேரத்துல தொட விட்டுட்டாரே" என்றார். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். நான் "ஆமாங்க" என்றேன். வேறு அணியில் ஒருவரை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நான் திடல் பக்கம் போகவில்லை. அவன் வீட்டுத் தெரு வழியாகப் போவதையும் விட்டேன். ஆவணியில் எனக்குக் கல்யாணம் முடிவானது. வீட்டுக்கு வெள்ளையடிக்க அப்பா யாரிடமோ சொல்லியிருந்தார். காலையில் பின்பக்கம் போய்ப் பார்த்தால், ஏணியடியில் அவன். சுவர் முழுக்க வெள்ளையடித்து முடித்து, இறங்கி, அடியில் காவிப் பட்டை அடிக்கக் காவியைக் கையாலேயே கரைத்துக்கொண்டிருந்தான். இடது கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. அதைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"வா மாப்ள" என்றான், நேற்றுத்தான் பார்த்தது போல.

"அன்னைக்கு அந்தக் கை..." என்று தொடங்கினேன்.

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேப்டன். நீதான் சொல்லணும்."

அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பினேன். ஈரமான கை ஒன்று பளாரென்று என் முதுகில் விழுந்தது. புதுச் சட்டை, கல்யாணத்துக்கு எடுத்தது. திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை நிறையக் காவியோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

"அவுட்டு மாப்ள" என்றான். "வெளிய போ. எனக்கு வேலை கெடக்கு."

நான் ஒரு கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு கொல்லைப்புறக் கதவைத் தாண்டி வெளியே போய், வேலி ஓரமாக உட்கார்ந்து அழுதேன்.