ரிவர்ஸில் நிறுத்திய கார்

டெக்சாஸின் பிளானோ நகரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கின் வரவேற்பு மேசையிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் முழுவதும் தெரியும். எல்லோரும் காரை நேராக உள்ளே விட்டு நிறுத்துவார்கள். அவர் மட்டும் ரிவர்ஸில் வந்து, வெளியேறும் வழியைப் பார்த்து நிறுத்துவார்.

அவர் திருநங்கை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். படைவீரர் மருத்துவமனையில் ஹார்மோன் சிகிச்சையை எப்போது நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து எங்களிடம் வந்தார். இங்கே இந்தச் சிகிச்சைக்கு எதிர்ப்பு அதிகம்; மிரட்டலுக்குப் பயந்து விட்டுப்போன டாக்டர்களும் உண்டு. நல்ல உயரம், நிமிர்ந்த முதுகு, டெக்சாஸ் வெயிலிலும் கழற்றாத ஜாக்கெட். வந்ததும் மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் கேட்பார்: “ஆன்ட்டி, டாக்டர் இன்னும் இருக்காரா?” இருக்கிறார் என்று சொன்னால்தான் உட்காருவார்.

ஒருநாள் காரைப் பற்றிக் கேட்டேன்.

“ஆர்மில பழகினது ஆன்ட்டி. ஏதாவதுன்னா உடனே கிளம்பிடலாம்.”

“இங்க என்னம்மா ஆகப்போகுது?”

“வெளிய பாருங்க. அந்த ஆள் என் நம்பர் பிளேட்டை போட்டோ எடுக்கறான்.”

பார்த்தேன். தொப்பி போட்ட ஒருவன் அவர் காரைப் படம் எடுத்துவிட்டு, ஃபோனை மெல்ல எங்கள் கண்ணாடிக் கதவின் பக்கம் திருப்பினான். நான் சட்டென்று மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். அவர் எழுந்து வந்து எனக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார். முதுகு நிமிர்ந்தேதான் இருந்தது. பின்னால் கட்டியிருந்த கையில் கார் சாவியைத் தயாராகப் பிடித்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. டாக்டர் இன்னும் இருக்கிறார். நானும் இப்போது காரை ரிவர்ஸில்தான் நிறுத்துகிறேன்.