அறுபத்தாறு துடிப்பு

ஸ்கெல்ட் ஆற்றின் வாயில் வந்து நிற்கும் கப்பல்களில் ஏறி, ஆன்ட்வெர்ப் வரை வழிகாட்டிக் கொண்டுபோகும் பைலட் வேலையில் கிரைனுக்கு அது முப்பத்தோராவது வருடம். அந்தக் குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி வந்து, பைலட்டுகள் ஆறு பேரின் நெஞ்சில் பட்டை கட்டிவிட்டாள். ஆபத்தான வளைவுகளில் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்ப்பதற்காக. வேலைக்கு வந்து இரண்டே வருடமான யோஸுக்கு நூற்று நாற்பதைத் தாண்டியது. கிரைனுக்கு அறுபத்து நாலு.

"ஏங்க கிரைன், உங்க உடம்புல ஓடுறது ரத்தமா, ஆத்துத் தண்ணியா?" என்று யோஸ் கேன்டீனில் சீண்டினான்.

"இருபது வருஷம் ஏறி இறங்கு. உனக்கும் தண்ணியாயிரும்."

கிரைனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஜனவரியில் ஒரு காலை, இருவரும் சிறு படகில் ஒரே கப்பலுக்குப் போனார்கள். கிரைன் மேல்தளத்தில் கால் வைத்துத் திரும்பும்போது நூலேணியின் ஒரு பக்கக் கயிறு அறுந்தது. பின்னால் ஏறிக்கொண்டிருந்த யோஸ் படகுக்கும் கப்பலுக்கும் இடையே விழுந்தான். கிரைன் கத்தவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார், ரேடியோவில் இடத்தைச் சொன்னார். படகுக்காரர்கள் யோஸைத் தூக்கிக்கொண்டு கரைக்கு விரைந்ததும், கப்பலை ஐந்து மணி நேரம் நடத்திப்போய்த் துறையில் கட்டினார். பிறகுதான் அவன் செத்துப்போன செய்தி வந்தது.

விசாரணையில் நெஞ்சுப்பட்டையின் பதிவும் வெளியே வந்தது. யோஸின் மனைவி நேல்ட்யே கிரைனின் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"அவர் விழுந்தப்ப உங்க நெஞ்சு எவ்வளவு அடிச்சுது? உங்க வாயால சொல்லுங்க."

"அறுபத்தாறு."

"ரோட்டுல நாய் அடிபட்டாக்கூட அதைவிட ஏறும்."

பழகிய உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அந்த ஆராய்ச்சிக்காரி எழுதிக் கொடுத்திருந்தாள். கிரைன் அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு கப்பலின் ஏணியைப் பிடித்த கிரைனுக்கு விரல்கள் இறுகிக்கொண்டன. ஏறவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நெஞ்சு காதுக்குள் இடித்தது. படகுக்காரர் ஒருவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினார். மார்ச்சில் மருத்துவர் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கேன்டீனில் அவருக்காக யாரும் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை ரொட்டிக் கடையில் நின்றபோது துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அவர் திடுக்கிட்டு, கையிலிருந்த ரொட்டியைக் கீழே போட்டுவிட்டார். வரிசையில் பின்னால் நேல்ட்யே நின்றிருந்தாள்.

"இப்பத்தான் நெஞ்சு அடிக்குதாக்கும்," என்றாள்.

கீழே கிடந்ததைத் தாண்டி முன்னே போய், தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கினாள்.