விறைத்து நிற்க வேண்டிய துணி

"...அதுக்காக என்னை மறுபடியும் அந்தச் சால்வென்ட் மருந்துக்குப் போகச் சொல்லாதீங்க சார். துணி ஏன் இப்படி ஆச்சுன்னு நான் கண்டுபிடிக்கறன். சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க, போதும்."

எங்கள் ஷெட்டை நடத்தும் அக்கா இதைச் சொல்லி முடித்தபோது அவர் கையில் ஒரு முழத் துணி இருந்தது. ஓரங்கள் அட்டை மாதிரி நிமிர்ந்து நின்றன. நடுவில் ஓர் இடம் மட்டும் வெயிலில் வாடிய இலை மாதிரி தொங்கியது. எதிரே நின்றவர் பெங்களூரில் திரைச்சீலை தைக்கும் கம்பெனியிலிருந்து வந்தவர். நாங்கள் அவரைக் குவாலிட்டி சார் என்போம். சொந்த ஊர் மதுரைப் பக்கம். எத்தனை வருடம் பெங்களூரில் இருந்தாலும் வாயைத் திறந்தால் வைகைதான்.

"டைம் கொடுக்கறதுல எனக்கென்னம்மா. ஆனா இன்னைக்கு ஒரு பண்டலாவது உருப்படியா நான் கையில கொண்டு போகணும். இல்லேன்னா எங்க முதலாளி பழைய ஆளுகிட்டயே போயிருவாரு. அவரு சால்வென்ட்ல பண்றாரு, துணி பலகை மாதிரி நிக்குது. நீங்களும் அதையே பண்ணிட்டுப் போங்களேன். யாரு கேக்கப் போறா?"

யார் கேட்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கு பதில் எனக்குத் தெரியும். அக்காவின் மூக்குதான் கேட்கும்.

அக்காவின் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம், மாந்தோப்புக் குடும்பம். வீட்டுப் பேச்சு தெலுங்கு. வருடக்கணக்காக ஒரு கம்பெனி ஷெட்டில் துணிக்கு விறைப்பு ஏற்றும் வேலை பார்த்தவர். அங்கே பிசினைக் கரைக்கச் சால்வென்ட் ஊற்றுவார்கள். திறந்தாலே தலை சுற்றும், சாயந்தரமானால் நெற்றி விண்ணென்று தெறிக்கும். தலைவலி வேலையை விட்டதும் போய்விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. பருப்பு அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரம்மா சுவரைத் தட்டிச் சொல்ல வேண்டும். "என் மூக்கு மூக்குத்தி போட்டுக்கத்தான் இருக்குது தம்பி" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அதனால் சூளகிரியில் வாடகைக்கு ஷெட் பிடித்தபோதே அவர் ஒன்றைச் சொல்லிவிட்டார். "இங்க தண்ணிச் சரக்குதான். அது ஓடலைன்னா ஷெட்டைப் பூட்டிட்டு மாங்கா பொறுக்கப் போறன். இங்க வேலை செய்யறவங்க வூட்டுக்குப் போனா குழம்பு வாசனை தெரியணும்." இந்தத் திரைச்சீலைக் கம்பெனி ஆர்டர் கிடைத்தால் ஷெட் ஓடும். கிடைக்காவிட்டால் மாங்காய்தான். அன்றைக்கு நிலைமை அவ்வளவுதான்.

தண்ணிச் சரக்கு என்றது இன்னதென்று சொல்லிவிடுகிறேன். டிரம்மில் வரும்போது பார்க்கப் பால்தான். வெள்ளையும் அதே வெள்ளை, கெட்டியும் அதே கெட்டி. பிளாஸ்டிக்கைக் கண்ணுக்கே தெரியாத தூளாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டிருப்பார்கள். துணியை அதில் முக்கி, இரண்டு ரப்பர் ரோலருக்கு நடுவே பிழிந்து, சேம்பர் என்று நாங்கள் சொல்லும் சூட்டு அறைக்குள் ஓட விட்டால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். தூளெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இழைக்குள் தோல் மாதிரி உட்கார்ந்துவிடும். தொளதொளவென்று உள்ளே போன துணி விறைத்துக்கொண்டு வெளியே வரும். திரைச்சீலையின் தலைப்பில் மடிப்பு சாயாமல் நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைப்பார்களே, தையல் கடையில் பக்ரம் என்பார்களே, அதுதான் எங்கள் சரக்கு. எங்கள் மெஷின் ஓட்டும் அண்ணனிடம் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "துணிக்கு முதுகெலும்பு வைக்கிற வேலை" என்பார்.

பாலைக் கலக்குவது என் பொறுப்பு. நான் இதைப் படித்தவனில்லை. ஓசூரில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலக்கிக்கொண்டிருந்தவன். டிரம்மில் ஒட்டியிருப்பதைப் படித்தும், சரக்கு கொடுக்கிறவர்களைப் போனில் படுத்தி எடுத்தும் கற்றுக்கொண்டேன். ஒருவர், "நீங்க கேக்கற கேள்விக்கு எனக்கே பாடம் எடுக்கணும் போல இருக்குதுப்பா" என்று சலித்துக்கொண்டார். சலித்துக்கொண்டாலும் சொல்லிக்கொடுத்தார்.

சார் ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் தேட ஆரம்பித்தோம்.

"தம்பி, தண்ணி எதுனா மாத்தி ஊத்தினியா?" இது அக்காவின் முதல் கேள்வி.

எனக்கும் முதலில் தண்ணீர் மேல்தான் சந்தேகம். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரைக்கே வழியில்லை. அதைப் பாலில் ஊற்றினால் திரிந்துவிடும். அதற்காகத்தான் குடிக்கிற கேன் தண்ணீரில் கலக்குவோம். காலி கேன்களைப் பார்த்தேன். சரியாகத்தான் ஊற்றியிருந்தேன். அண்ணன் சேம்பருக்குள் தலையை விட்டுச் சூடு சீராக இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் சரி. அக்கா வெறும் துணியை எடுத்து அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறிஞ்சியது. ஆக, துணி மேலும் குற்றம் இல்லை.

கடைசியில் அண்ணன், துணி முங்கிப் போகும் தொட்டிக்குள் ஒரு கரண்டியை விட்டுக் கிளறினார். அவர் ஓசூர்க்காரர், வீட்டில் கன்னடம். அவசரத்தில் எந்தப் பாஷை முதலில் வருகிறதோ அதில் பேசுவார்.

"அக்கா, இங்க நோடி. இது பாலு இல்ல, மொசரு!"

நோடி என்றால் பாருங்கள், மொசரு என்றால் தயிர். கரண்டியில் பொடிப்பொடியாகக் கட்டிகள். காலையில் நைலான் துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன், அப்போது ஒரு கட்டி இல்லை. தொட்டிக்குள் வந்த பிறகு திரிந்திருக்கிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

"மொசருன்னா உப்புப் போட்டுக் குடிங்க" என்றார் வாசலிலிருந்து சார்.

"உங்களுக்கும் ஒரு டம்ளர் தரன், இருங்க சார்" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

சார் நல்ல மனுஷர். சும்மா உட்காரவும் தெரியாதவர். கெட்டுப்போன துணியை ஷெட்டுக்கு வெளியே சிமென்டுத் தரையில் நீளமாக விரித்துப் போட்டு, அதன் பக்கத்திலேயே நடந்தார். திரும்பி நடந்தார். பிறகு குனிந்து, தொங்கலான ஓர் இடத்திலிருந்து அடுத்த தொங்கலுக்குக் கைக்குட்டையை மடித்து மடித்து வைத்து அளந்தார்.

"ஏம்மா, இங்க வாங்க. இது சும்மா அங்கங்க சொங்கிப் போகலை. அளந்து வச்ச மாதிரி ஒரே தூரத்துல சொங்கிப் போயிருக்கு."

அண்ணன் ஓடிப்போய் ஒரு கயிற்றை எடுத்து ரோலரைச் சுற்றிப் பிடித்தார். கயிற்றைக் கொண்டுவந்து துணியில் வைத்தார். ஒரு சுற்றும், ஒரு தொங்கலிலிருந்து அடுத்த தொங்கல் வரை உள்ள தூரமும் ஒன்றாக இருந்தன. ரோலர் ஒரு சுற்று வரும்போதெல்லாம் அதில் இருக்கும் ஏதோ ஒன்று அந்த இடத்தில் துணியை அழுத்திப் பாலை அளவுக்கு மேல் பிழிந்து வெளியே தள்ளியிருக்கிறது.

ரோலரைக் கையால் மெல்லச் சுற்றினோம். ஓரிடத்தில் விரல் தட்டியது. காய்ந்த பால் அங்கே ஒரு தழும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் கொஞ்சம் மஞ்சள்.

சாரும் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "எலுமிச்சம்பழ வாசம் அடிக்குதே?"

"அது காலையில பூஜை சார்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

இந்த மெஷின் எங்களுக்குப் புதிது. ஒரு சாயப்பட்டறையிலிருந்து பழசாக வாங்கி, ரோலருக்குப் புது ரப்பர் போட்டுக் கொண்டுவந்தது. பெரிய ஆர்டருக்கான முதல் ஓட்டம் என்பதால் காலையில் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, பூஜை போட்டோம். புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம் இல்லையா? அக்கா யோசித்தார். "வண்டிக்கு டயர்னா, மெஷினுக்கு ரோலர்தான?" என்று சொல்லி, பழத்தை இரண்டு ரோலருக்கு நடுவே வைத்து, தன் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி நசுக்கினார். நாங்கள் கைதட்டினோம். ஒரு பழந்துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு மெஷினை ஓட்டிவிட்டோம். சாறு ரப்பரின் ஓரத்திலும், சதை அதன் மேலும் தங்கிவிட்டது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று எல்லா அடுப்பங்கரைக்கும் தெரியும். டிரம்மில் வருகிற பாலுக்கும் புளிப்பு ஆகாது. அதற்காகத்தான் அது கொஞ்சமும் புளித்துவிடாமல் பார்த்துக்கொள்ள நான் ஒரு காகிதப் பட்டையை வைத்துச் சோதிக்கிறேன். அந்தப் பட்டையை ஈரமாக்கி ரோலரின் ஓரத்தில் வைத்தேன். சிவந்தது.

காலையிலிருந்து எலுமிச்சை வாசனை ஷெட்டு முழுக்க இருந்தது. பூஜை வாசனைதானே என்று நானும் அண்ணனும் விட்டுவிட்டோம். அக்காவுக்கு அது தெரியவே தெரியாது.

சார் சிரித்துவிட்டார். "சாமிக்குக் கொடுக்க வேண்டியதத் துணிக்கு ஊட்டிட்டீங்களேம்மா!"

"சாமியை இதுல இழுக்காதீங்க சார். வச்சது நானு. சரியாத் தொடைக்காம வுட்டதும் நானு." அக்கா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார், தன்னைத்தான் திட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "தம்பி, பாலு எவ்வளவு மிச்சம் இருக்குது?"

அரை டிரம் இருந்தது. அடுத்த டிரம் பெங்களூரிலிருந்து வர வேண்டும். சாயந்தரத்துக்குள் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி அது வந்து சேராது. இந்த அரை டிரம்மும் திரிந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது. தொட்டியில் இருந்த தயிரையெல்லாம் காலி டிரம்மில் அள்ளிப்போட்டு மூடினோம். சாக்கடையில் விட்டால் ஏரிக்குப் போகும்.

ரோலரில் காய்ந்து ஒட்டியது தண்ணீருக்கு அசையவில்லை. கத்தி வைத்தால் புது ரப்பர் கிழியும். அக்கா தன் பையைத் துழாவிப் பழைய கம்பெனியின் பிளாஸ்டிக் அடையாள அட்டையை எடுத்தார். அதன் விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார்.

"இத்தனை வருசம் கழுத்துல மாட்டியிருந்தன். இப்பத்தான் ஒரு வேலைக்கு ஆவுது."

சுரண்டச் சுரண்டத் தோல் சுருண்டு வந்தது. அண்ணன் சோப்புத் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தார். அக்கா ரோலரைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தார். நான் ஒவ்வொரு இடமாகப் பட்டையை வைத்துப் பார்த்தேன். அது சிவப்பதை நிறுத்தும் வரை அவர் கையும் நிற்கவில்லை. நாங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்றோம். "வச்ச கை கழுவட்டும்" என்றார். சாப்பாட்டு டப்பாவை யாரும் திறக்கவில்லை. சார் மட்டும் கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். டீயைக் குடிக்கும்போதும் அக்காவின் கண் ரோலரில்தான் இருந்தது.

இந்தத் தடவை பாலை இரண்டு முறை வடிகட்டினேன். தொட்டியில் ஊற்றி, கரண்டி விட்டுப் பார்த்தேன். வழவழவென்று வழிந்தது. அண்ணன் மெஷினை மெதுவாக ஓட விட்டார். துணி நனைந்தது, பிழிபட்டது, சேம்பருக்குள் போனது. அந்தப் பக்கம் அது வெளியே வரும் இடத்தில் போய் நின்றோம்.

வந்தது. அக்கா ஓரத்தைப் பிடித்துக் கிடையாக நீட்டினார். நின்றது. நடுவைப் பிடித்தார். நின்றது. சார் ஒரு துண்டை வெட்டிக் கைக்குள் கசக்கி விட்டார். அது மொடமொடவென்று சத்தம் போட்டுக்கொண்டு விரிந்தது.

"துவைச்சா?" என்றார் சார்.

"துவைச்சுப் பாத்துடலாம், அதுக்கென்னா." அக்கா வாளியில் சோப்பைக் கரைத்து அந்தத் துண்டைத் துவைத்தார். சும்மா அலசவில்லை. விரோதியின் சட்டை மாதிரி கும்மினார். பிழிந்து சேம்பரின் வாயில் பிடித்துக் காய வைத்தார். சார் வாங்கி வளைத்தார், மடித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரிம்மா. திங்கக்கெழமை லாரி அனுப்பச் சொல்றேன்."

அண்ணன் கைதட்டப் போனார். சார் விரலை நீட்டித் தடுத்தார். "இருங்கப்பா. இன்னைக்கு நான் பக்கத்துல நின்னேன், ஒரு பண்டல் நல்லா வந்துருச்சு. அடுத்தடுத்த பண்டலுக்கெல்லாம் நான் வந்து நிக்க முடியுமா? அதுவும் இப்படியே வரும்னு எத வச்சு நம்புறது?"

"நீங்க என்னாத்துக்கு சார் நிக்கறீங்க? உக்காந்து பாருங்க, அடுத்ததும் இப்படியே வரும்" என்றார் அக்கா. வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து மெஷினுக்கு எதிரே போட்டார். அடுத்த பண்டலைத் தோளில் தூக்கி வந்து, அதன் தலைப்பை முந்தின துணியின் கடைசியோடு சேர்த்து மளமளவென்று தைத்தார். உள்ளங்கையால் ரோலரை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினார்.